மணிக்கட்டுப் போதும்

1

இது கதையாகப் பிறக்கவில்லை, கட்டுரையாகக் கேட்கப்பட்டது. கொழும்பிலிருந்து வரும் வார இதழொன்றின் ஞாயிறு இணைப்புக்குப் பொறுப்பானவர் தொலைபேசியில் அழைத்தார். வீடியோ விளையாட்டுகளுக்கு இப்போது புதுவகைக் கருவிகள் வருகின்றன: ஆட்டினால் ஆடுபவை, நீட்டினால் சுடுபவை, ஊதினால் பறப்பவை. இவை விளையாட்டை மேம்படுத்துகின்றனவா, கெடுக்கின்றனவா? இதைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்றார்.

"அரசியல் ஒண்டும் வேண்டாம், சேர். இளம் ஆக்கள் வாசிக்கிற பக்கம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்த ஆண்டு கொழும்பில் தமிழ் இதழ் நடத்துவோர் இவற்றில் முதல் வாக்கியத்தை எல்லாரிடமும் சொல்கிறார்கள். ஆடுகருவி பற்றிய கட்டுரைக்கும் அதைச் சொல்லவேண்டியிருந்தது ஏன் என்று நான் ஐயுற்றேன். பிறகு எழுத உட்கார்ந்தேன்.

என் வாதம் எளிமையானது. நல்ல கருவி கையால் மறக்கப்படுவது. பொத்தான் அத்தகையது, பெருவிரல் அசைவதைப் பக்கத்தில் இருப்பவர்கூடக் காண்பதில்லை. புதிய கருவியோ ஆடுபவரின் உடலையே கேட்கிறது. இதை விளக்க ஓர் எடுத்துக்காட்டுத் தேவைப்பட்டது: வெள்ளவத்தையில் ஒரு கணவர், ஒரு மனைவி, ஒரு தொலைக்காட்சி. எடுத்துக்காட்டுகளுக்குப் பெயர் இருப்பதில்லை; இவர்களுக்கும் வைக்கவில்லை. மூன்றாம் பத்தியில் கணவர் புதிய கருவியை வாங்கி, திரையில் காட்டியபடி வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கவேண்டும்.

அவர் தூக்கவில்லை.

வாக்கியத்தை மாற்றி மாற்றி எழுதினேன். எழுவாயை இடம்மாற்றினேன், வினையை இலகுவாக்கினேன். வாக்கியத்தில் பிழை இல்லை. பிழை அவருடைய தோளில் இருந்தது. கட்டுரை அந்த இடத்தில் நின்றது. இது அந்த இடத்தில் தொடங்கியது.

2

கதைக்கு ஒரு தொடக்கம் வேண்டும். கைவிட்டவற்றையும் காட்டிவிடுகிறேன். மறைத்தால் நீங்கள் ஐயுறுவீர்கள்; அது உங்கள் உரிமை.

["போர் உச்சத்தை எட்டியிருந்த அந்த மாலைகளில், வெள்ளவத்தைக் கடலின் அலைகள்—"]

அலைகளுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. அவற்றை அனுப்பிவிட்டேன்.

["லண்டனிலிருந்து வந்த அந்த வெள்ளைப் பெட்டி தங்கள் வாழ்வையே மாற்றிவிடும் என்று யோகநாதன் அப்போது—"]

வரப்போவதை அறிந்ததுபோல் நடந்துகொள்ளும் வாக்கியங்களை நான் நம்புவதில்லை. ஆனாலும் அது ஒரு பெயரை விட்டுச்சென்றது. அதை வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது இது:

யோகநாதனால் வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. அவனுடைய மனைவி ஜெகதீஸ்வரிக்கு அது தெரியாது. தெரியக்கூடாது என்பதே அவன் விருப்பம்.

(கட்டுரையில் 'அவர்' ஆக இருந்தவர் இங்கே 'அவன்' ஆகிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். கதைக்குள் வருவோர் முதலில் இழப்பது அதைத்தான்.)

தெரியக்கூடாது என்று அவன் நினைப்பதற்குக் காரணம் வெட்கம் அன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் வாழும் ஓர் ஆணின் தோள் சரியாக இயங்கவில்லை என்றால், இந்த ஆண்டு அது மருத்துவம் சார்ந்த செய்தி ஆகாது. எப்போது, எங்கே, எதனால் என்று கேள்விகள் வரும். அவனுடைய தோளில் தழும்பு எதுவும் இல்லை. சட்டையைக் கழற்றச் சொல்பவர்கள் ஒன்றும் காணமாட்டார்கள். உள்ளே மூட்டு மட்டுமே இறுகியிருக்கிறது. கையைத் தூக்கும்வரை அது யாருக்கும் தெரியாது. ஒருநாள் அவனைப் பற்றி ஜெகதீஸ்வரியிடம் விசாரித்தால், அவளுக்குத் தெரியாததை அவளால் சொல்ல முடியாது. அவளுடைய அறியாமையை அவன் அவளுக்குச் செய்த ஒரு காப்பாக எண்ணியிருக்கிறான்.

திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இது தெரியாமல் இருக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். எல்லாவற்றையும் அவள் பார்த்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கமும் அவளிடம் இருந்தது. பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்காமல் இருக்கையின் முதுகைப் பிடிப்பான்: உயரமானவன், குனிந்து நிற்கிறான். உடுப்புக் காயப்போடும் கயிற்றின் பக்கம் போகமாட்டான்: ஆம்பிளை. மின்குமிழ் மாற்றமாட்டான்: சோம்பல். கணவர்களைப் பற்றிய விளக்கங்கள் மலிவாகக் கிடைக்கின்றன.

3

அவர்கள் முன்பு ஆடியது பழைய கறுப்புப் பெட்டி ஒன்றில்.* கொட்டாஞ்சேனையில் வீடியோ விளையாட்டுக் கடை வைத்திருக்கும் ஒஸ்வால்ட்டிடம் பழையதாக வாங்கியது. அதில் அவர்களுக்குப் பிடித்தது ஒரு டென்னிஸ் ஆட்டம். யோகநாதன் கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்தான். ஜெகதீஸ்வரி கொழும்பின் பெருந்தெருவான காலி வீதியில் ஒரு பாமசியில். இருவரும் வீடு திரும்பித் தேநீர் குடித்ததும் சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஆடுவார்கள்.

"இண்டைக்கும் என்னை வெல்ல விடமாட்டியள் போல."

"பந்தைப் பாரும். என்னைப் பாக்காதையும்."

"உங்களைப் பாத்து என்னத்தைக் கண்டன். கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறியள், பந்து மட்டும் பறக்குது."

"எல்லாம் பெருவிரலிலை இருக்கு."

"ஓம், வீட்டிலை அது ஒண்டுதான் வேலை செய்யுது."

இரு வீட்டாரும் பேசி முடித்த திருமணம். தாலி கட்டும்போது ஒருவருக்கொருவர் ஏறத்தாழ அந்நியர். ஒரு மனிதரை நேருக்குநேர் பார்த்துக் கதைப்பது எளிதன்று. இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு கதைப்பது எளிது. பந்து அங்கும் இங்கும் போய்வந்த நேரத்தில், பாமசிக்கு வருவோர் எந்த மருந்தை எந்தப் பொய் சொல்லி வாங்குகிறார்கள் என்று அவள் சொன்னாள். தன் மேலதிகாரி தொலைபேசியில் எழுந்துநின்று கதைப்பதை அவன் சொன்னான். திருமணம் பதிவானது பதிவாளர் முன்னிலையில். நடந்தது இந்தச் சோபாவில். தோளைத் தவிர மற்றதெல்லாம் அங்கே கதைக்கப்பட்டது.

ஆகவே இந்தக் கதையில் கெட்டுப்போகக்கூடியது எது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு விளையாட்டு மட்டும் அன்று.

[* 'ஆடுபெட்டி' என்று முதலில் எழுதியிருந்தேன். அது பெட்டி ஆடுவதாகப் பொருள் தந்தது. வெள்ளவத்தையில் எல்லாரும் அதைக் 'கேம்' என்கிறார்கள்.]

4

வெள்ளைப் பெட்டியை அனுப்பியவன் ஜெகதீஸ்வரியின் தம்பி சிவமணி. லண்டனில் இருக்கிறான். ஊருக்கு வந்த ஒருவரின் பயணப்பெட்டியில் அது வந்து சேர்ந்தது. பொத்தான்கள் குறைவு. கையில் பிடித்து வீசவேண்டிய வெள்ளைத் தடி ஒன்று. அதில் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் பட்டி.

திரையில் முதலில் ஒரு படம் வந்தது. வெள்ளை உருவம் ஒன்று கால்களை அகட்டி நின்று, வலக்கையை முழுதாகத் தலைக்கு மேல் உயர்த்தி, பந்தை அடித்தது. பிறகு நம்மைப் பார்த்து நின்றது.

அந்தப் படத்தை லண்டனில் ஒருவர் ஆலோசனையாக எடுத்துக்கொள்வார். காலி வீதியில் நாள்தோறும் சோதனைக்காகப் பேருந்திலிருந்து இறக்கப்பட்டு ஏற்றப்படும் ஒருவர் கையை உயர்த்தி நிற்கும் படத்தை வேறுவிதமாகப் படிப்பார். யோகநாதனுக்கு அது உத்தரவு. குறைவாகத் தூக்கினால் பெட்டி கண்டுபிடித்துவிடும் என்பதில் அவனுக்குச் சிறிதும் ஐயம் இல்லை. தொலைக்காட்சிக்கு மேல் வைக்கப்பட்ட சிறு கறுப்புப் பட்டை தன்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டிருப்பதாக அவன் நம்பினான். பார்க்கப்படுவதில் அவனுக்கு இருந்த அனுபவம் அவ்வளவு.

ஜெகதீஸ்வரி பாடசாலைக் காலத்தில் வலைப்பந்து ஆடியவள். தடியை வாங்கிய கையோடு எழுந்து நின்று வீசினாள். கதவு நிலையில் இடித்தாள், சிரித்தாள், மீண்டும் வீசினாள். அவன் தடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டான்.

"ஏன் இடக்கையாலை?"

"உமக்கும் ஒரு சான்ஸ் குடுக்கத்தான்."

அது ஒரு நகைச்சுவை. ஆனால் மறைப்பதற்காகச் சொன்ன நகைச்சுவை; நகைச்சுவைக்காகச் சொன்னதன்று. அடுத்து வந்த எல்லாவற்றையும் இந்த ஒரு வாக்கியம் கெடுத்தது. இடக்கை அவனுக்குப் பழக்கமற்றது. பந்து போனபின் வீசினான். அவள் வென்றாள். மறுநாளும் வென்றாள். வெல்ல வெல்ல அவளுடைய முகம் மாறிக்கொண்டு வந்தது.

"விட்டுத் தாறதெண்டால் விளையாடாதேங்கோ."

"நான் ஒண்டும் விட்டுத் தரேல்லை."

"சான்ஸ் குடுக்கிறன் எண்டு நீங்கள்தானே சொன்னனியள். நான் என்ன சின்னப்பிள்ளையே?"

விட்டுக்கொடுக்கும் கணவன் என்ற குற்றச்சாட்டு அவனுக்கு நல்ல மறைவிடம். அவன் அதற்குள் போய் இருந்துகொண்டான்.

இந்தப் பகுதியை எழுதும்போது கட்டுரைக்கான வாக்கியம் ஒன்று தானாகக் கிடைத்தது: புதிய கருவி வந்தது, அவர்கள் கதைப்பது நின்றது. அதை அனுப்பிவிட்டு எழுந்திருக்கலாம். பொறுப்பாசிரியர் மகிழ்ந்திருப்பார். இவ்வளவு வசதியாக வந்து நிற்கும் முடிவுகளின்மேல் எனக்கு ஐயம் உண்டு.

5

ஒரு காட்சியை இங்கே செருகவேண்டும். இதில் கதை நகராது; பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

இருவரும் கொள்ளுப்பிட்டியிலிருந்து பேருந்தில் வருகிறார்கள். பம்பலப்பிட்டிக்கு அருகே எல்லாரும் இறக்கப்படுகிறார்கள். பெண்கள் ஒரு பக்கம். ஆண்கள் ஒரு பக்கம். "அத் தெகம உஸ்ஸன்ன" என்று சிங்களத்தில் சொல்கிறார் சீருடையில் இருப்பவர்: இரண்டு கையையும் உயர்த்து. யோகநாதனின் முறை வருமுன்பே அவனுடைய வலக்கையில், நெஞ்சுக்கு நேரே, அடையாள அட்டை இருக்கிறது. இடக்கை வானத்தைத் தொடுமளவுக்கு உயர்ந்திருக்கிறது. "மென்ன ஐ.சி. எக, சேர்": இதோ அட்டை, ஐயா. நீட்டிய அட்டையை எவரும் வாங்கிக்கொள்வர். வாங்கியவர் பெயரை வாசிப்பார், முகத்தைப் பார்ப்பார், உயராத கையை மறப்பார்.

பெண்கள் வரிசையிலிருந்து இதை ஜெகதீஸ்வரி பலமுறை பார்த்திருக்கிறாள். கேட்குமுன்பே அட்டையை நீட்டுகிற மனிதர். மரியாதை தெரிந்தவர் என்று எண்ணியிருக்கிறாள்.

[அன்று ஒருநாள் சோதித்தவர் அட்டையை வாங்காமல், இரண்டு கையையும் என்று மறுபடியும்—]

வேண்டாம். அந்த வாக்கியம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நீங்கள் அதற்காகக் காத்திருந்தீர்களோ என்று நினைக்கிறேன்.

6

ஜெகதீஸ்வரி ஒஸ்வால்ட்டை வரவழைத்தாள். கருவியில் பழுது என்று சொன்னாள். உள்ளூர அவள் வேண்டியது மறுதலை: பழுது இல்லை என்று ஒரு மூன்றாம் ஆள் சொல்லவேண்டும், பிறகு விட்டுக்கொடுக்கவில்லை என்று சொல்லி யோகநாதனால் தப்ப முடியாது.

ஒஸ்வால்ட் வந்தார். கருவியைக் கையில் எடுத்தார். எடுத்த விதத்திலேயே அவருக்கு அதைப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

"இதெல்லாம் ரெண்டு மாசத்து ஆட்டம் அக்கா. போன கிழமை என் கடையில ஒருத்தன் வீசுன வேகத்துல டியூப்லைட்டே போச்சு. என் பொஞ்சாதி கொன்ஸ்ரன்ஸ் வீட்டுக்கே கொண்டுவரக் கூடாதுன்னுட்டா."

"அதை விடுங்கோ. மெசின் சரியோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ. இவர் விளையாடேக்கை பந்தே படுதில்லை."

"அண்ணே, எழும்புங்க. பொம்மை நிக்கிற மாதிரி நின்னு கைய மேல தூக்குங்க. சும்மா, செக் பண்ணத்தான்."

யோகநாதன் இடக்கையைத் தூக்கினான்.

"வலது, அண்ணே."

"தம்பி, தேத்தண்ணி குடிக்கேல்லை இன்னும். இருங்கோ, போட்டுக்கொண்டு வாறன்."

அவன் சமையலறைக்குள் போனான். ஜெகதீஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள். வந்தவருக்குத் தேநீர் ஊற்ற யோகநாதன் எழுந்தது இதுவே முதல் தடவை. அலுமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் ஓசை கேட்டது.

"சீனி எங்கையப்பா?"

"மேல்தட்டிலை. பெரிய பேணி."

எறும்புக்குப் பயந்து அவள் சீனியைப் பெரிய தகரப்பேணியில் நிரப்பி மேல்தட்டில் வைத்திருந்தாள். இரண்டு கையாலும் பிடித்து இறக்கவேண்டிய பாரம். அதன்பின் உள்ளிருந்து ஓசை எதுவும் வரவில்லை.

ஒஸ்வால்ட் இதற்குள் சோபாவில் சாய்ந்து, கருவியை மடியில் வைத்தபடி ஆடத் தொடங்கியிருந்தார்.

"பாருங்க அக்கா, உங்களுக்கு ஒரு கள்ளத்தனம் காட்டுறேன். கை தூக்கவே தேவையில்ல. எழும்பவும் தேவையில்ல. மணிக்கட்ட இப்பிடி ஒரு தட்டு. அவ்வளவுதான், பந்து போகுது."

"அப்ப அந்தப் படம்?"

"அது சும்மா ஷோ. கை எங்க இருக்கு, ஆள் நிக்கிறானா படுத்திருக்கானா, இதுக்கு ஒண்ணும் தெரியாது. தடி அசைஞ்சுதா, அதுதான் தெரியும். குருட்டு மெசின். இதைத்தான் பெரிசா விக்கிறாங்க."

ஒஸ்வால்ட் இதைக் கருவிக்கு எதிரான சாட்சியமாகச் சொன்னார். அவருடைய கடை முழுவதும் பொத்தான் வைத்த பெட்டிகள். சமையலறை வாசலில் தேநீர்க் கோப்பைகளுடன் நின்ற யோகநாதன் அதை வேறொன்றாகக் கேட்டான். தன்னைத் தலைமுதல் கால்வரை பார்த்துக்கொண்டிருந்த ஒன்று உண்மையில் எதையும் பார்க்கவில்லை என்று அவனுக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை.

ஒஸ்வால்ட் தேநீரைச் சுவைத்தார்.

"அண்ணே, சீனி?"

"உமக்கு இந்த வயதிலை சீனி கூடாது."

"எனக்கு முப்பத்தஞ்சுதான் அண்ணே."

"அதுதான் சொல்லுறன்."

ஒஸ்வால்ட் சிரித்தார். யோகநாதன் அவருக்குப் பக்கத்தில் இருந்து, கருவியை வாங்கி, வலக்கையைத் தொடைமேல் வைத்து, மணிக்கட்டைத் தட்டினான். பந்து போனது. மீண்டும் தட்டினான். ஜெகதீஸ்வரி மற்றத் தடியை எடுத்து நின்றபடி முழுக்கையாலும் வீசினாள். அவளால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. பழைய யோகநாதன் திரும்பி வந்திருந்தான்: அசையாத முகம், பறக்கும் பந்து.

அவன் செய்த தவறு இதுதான். மகிழ்ச்சியில் கவனம் தவறினான். அளவுக்கு மேல் வென்றான்.

7

விட்டுக்கொடுப்பவன் கள்ளத்தனம் ஒன்று தெரிந்ததும் வென்றுதள்ளமாட்டான்; தொடர்ந்து விட்டுக்கொடுப்பான். இதை அறிய ஜெகதீஸ்வரிக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. மருந்துச் சீட்டைப் பார்த்து, சீட்டில் எழுதாத நோயை அறிவது அவளுடைய தொழில். மணிக்கட்டால் முடிகிறது, கையால் முடியவில்லை. இடையில் இருப்பது தோள்.

பேருந்தின் மேல்கம்பி, உடுப்புக் கயிறு, மின்குமிழ், சீனிப்பேணி, நெஞ்சுக்கு நேரே நீட்டிய அடையாள அட்டை. அவளிடம் இருந்த விளக்கங்கள் ஒவ்வொன்றாக விலகி நின்று ஒரே விளக்கத்துக்கு இடம்விட்டன. மரியாதை என்று அவள் எண்ணியது மரியாதை அன்று.

ஒஸ்வால்ட் புறப்படும்போது படியில் நின்று, "அண்ணனுக்குத் தோள்ல ஏதும்—" என்று தொடங்கினார். முடிக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் வாழ்பவருக்கும் முடிக்காமல் விடவேண்டிய வாக்கியங்கள் எவை என்று தெரியும். "சரி அக்கா, கதவச் சாத்துங்க" என்று இறங்கினார்.

[ஒஸ்வால்ட் திரும்பிப் போகும் வழியில், சோதனை நிலையத்துக்கு அருகே முச்சக்கர வண்டியை நிறுத்தச் சொல்லி—]

இதை நான்தான் எழுதினேன். அவர் செய்யவில்லை. அந்த மனிதர் சீனி இல்லாத தேநீரைக் குடித்து, ஒரு கேள்வியைப் பாதியில் நிறுத்தி, வீட்டுக்குப் போனார். அவ்வளவே. சந்தேகிப்பதற்கு ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்த என் பேனா, கதவுக்கு வெளியே நின்ற முதல் ஆளைப் பிடித்தது. இந்த நகரம் இப்போது இப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. அதற்கு நான் விதிவிலக்கு என்று எண்ணியிருந்தேன்.

8

இனி உங்கள் கேள்வி. அவனுடைய தோளுக்கு என்ன நடந்தது?

மூன்று விடைகளை எழுதிப் பார்த்தேன்.

[பதுங்குகுழியின் மண்சுவர் சரிந்து—]

[விசாரணைக்கு அழைத்துப் போனவர்கள் அவனுடைய கைகளைக் கட்டி—]

[பாடசாலைக் கரப்பந்தாட்டத்தில், வலைக்கு அருகே எழுந்து விழுந்தபோது—]

முதலாவதை எழுதினால் நீங்கள் அவனுக்கு இரங்குவீர்கள். இரண்டாவதை எழுதினால் சினப்பீர்கள். மூன்றாவதை எழுதினால் ஏமாற்றப்பட்டதாக எண்ணுவீர்கள். நான்காவது விடை ஒன்றும் உண்டு. சற்று முன்னரே அதை எண்ணிவிட்டீர்கள். அதை அடைப்புக்குறிக்குள்ளும் எழுதமாட்டேன். இந்த ஆண்டு அச்சாகும் ஒரு பக்கத்தை யார் யார் எதற்காக வாசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. உங்களைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். உங்களைச் சொல்லவில்லை என்றும் உறுதியளிக்க முடியாது.

எப்போது, எங்கே, எதனால் என்று உங்களுக்கு முன்னரே கேட்கத் தயாராக இருப்பவர்கள் சீருடையில் இருக்கிறார்கள். உங்கள் ஆர்வம் அவர்களுடையதைவிட நல்லது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். கேள்வி அதே கேள்வி.

பொறுப்பாசிரியர் இடையில் ஒருதடவை அழைத்தார்.

"சேர், கட்டுரை என்ன மாதிரி?"

"எழுதுறன்."

"ஒரு வரியிலை சொல்லுங்கோவன். இந்தப் புதுக் கருவியள் கேமை நல்லாக்குதோ, கெடுக்குதோ?"

"கேமைக் கெடுக்குது. கெடுத்தாப்பிறகு, அங்கை இருந்தது கேம் மட்டும்தானோ எண்டு பாக்கவேண்டி வருது."

"அரசியல் இல்லைத்தானே, சேர்?"

"தோள்வலி பற்றித்தான்."

"ஆ, உடல்நலம். நல்லது, நல்லது."

எண்ணிட்ட பகுதிகள், சதுர அடைப்புகள், அறுந்த வாக்கியங்கள், உடுக்குறி இட்ட அடிக்குறிப்பு: இவையும் புதுவகைக் கருவிகளே என்று நீங்கள் சொல்லக்கூடும். நேராகச் சொல்லியிருந்தால் அவளும் அவனும் ஒழுங்காக ஆடியிருப்பார்கள் என்றும் சொல்லக்கூடும். மறுக்கமாட்டேன். ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன்: இந்தக் கருவிகள் எல்லாம் இருந்தும், அவனுடைய வலக்கையை நான் ஒருமுறைகூடத் தூக்கவைக்கவில்லை. நேரான கதை தூக்கவைத்திருக்கும்.

9

மறுநாள் மாலை யோகநாதன் வீடு திரும்பியபோது ஜெகதீஸ்வரி முன்னரே வந்திருந்தாள். முகம் கழுவிவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனான். சீனிப்பேணி மேல்தட்டில் இல்லை. கீழே, அவனுடைய இடுப்பு உயரத்தில் இருந்த தட்டில் இருந்தது. எறும்பு வராமல் இருக்க அதை ஓர் அகன்ற தாம்பாளத்தில் நீர் ஊற்றி நடுவே வைத்திருந்தாள்.

அவன் அதைச் சிறிது நேரம் பார்த்தான். வெளியே வந்தான்.

"சீனியை ஏன் கீழை வைச்சனீர்?"

"எனக்கு எட்டேல்லை."

பாடசாலை வலைப்பந்து அணியில் வளையத்துக்கு எறியும் இடத்தில் ஆடியவள். இரண்டு ஆண்டுகளாக அந்தப் பேணியை நாள்தோறும் இறக்கியவள். பொய் சொல்லும்போது அவள் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் அந்தத் திசையைப் பார்த்தபடி வந்து சோபாவில் இருந்தான்.

கருவியை நீட்டினாள். நீட்டியது அவனுடைய வலக்கைப் பக்கம்.

"நீர் எழும்பி விளையாடேல்லையோ?"

"கால் நோகுது. முழுநாளும் பாமசியிலை நிண்டது."

"அப்ப இருந்தே விளையாடுவம்."

"ஓம். ஆனால் சும்மா விட்டுத் தந்திடாதேங்கோ."

"நான் எப்ப உமக்கு விட்டுத் தந்தனான்?"

திரையில் வெள்ளை உருவம் கையை முழுதாக உயர்த்திக் காட்டியது. இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு மணிக்கட்டுகள் மடியில் அசைந்தன, பந்து போய்வந்தது. பாமசிக்கு வந்த ஒருவர் வயிற்றுவலி மருந்து கேட்டு நெஞ்சைத் தடவியதைப் பற்றி அவள் சொல்லத் தொடங்கினாள். பந்து வலையில் பட்டு நின்ற ஓர் இடைவெளியில் சொல்வதை நிறுத்தினாள். அவன் காத்திருந்தான்.

அவள் இப்போது கேட்கலாம். அதற்கான இடத்தைக் கீழே விட்டிருக்கிறேன்.

["                                        "]

நீங்கள் விரும்பினால் அதை நிரப்பலாம். நிரப்பினால் அவன் விடை சொல்லவேண்டிவரும். விடை அவளுடையது ஆகும். யாராவது ஒருநாள் அவளிடம் கேட்டால் அவளிடம் அது இருக்கும். நிரப்பாவிட்டால் சீனிப்பேணி கீழ்த்தட்டில் இருக்கும். அடுத்த பந்தை அவன் அடிப்பான். இரண்டில் எது கதையை மேம்படுத்தும், எது கெடுக்கும் என்பதை நான் எழுதித் தரப்போவதில்லை. கருவி இப்போது உங்கள் கையில்.

அவர்களை அப்படியே விட்டுப்போக முடிவுசெய்தால், அதற்காகப் பெரிதாக ஒன்றும் செய்யவேண்டியதில்லை. எழும்பவேண்டாம், கையைத் தூக்கவேண்டாம். தாளைத் திருப்புவதற்கு மணிக்கட்டுப் போதும்.